கிணற்றடிக் கேள்வி பதில்: தண்ணீர் எங்கே போகிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே வரிதான்: ‘தண்ணி சரியா வரல, என்ன பண்ணலாம்?’ வயிறு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அவர் என்ன மருந்து எழுதுவார்? எப்போதிலிருந்து, மோட்டார் ஓடும்போதா நின்ற பிறகா, ஒரு குழாயிலா எல்லாக் குழாயிலுமா, சத்தம் ஏதாவது மாறியிருக்கிறதா என்று நாலு வார்த்தை சேர்த்து எழுதியவர்களின் கடிதங்களைத்தான் இங்கே எடுத்திருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாமல் இன்னொரு தடவை எழுதுங்கள்.

கேள்வி: திறந்த கிணறு, மேட்டில் மோனோபிளாக் மோட்டார். ஒரு மாதமாகக் காலையில் ஸ்விட்ச் போட்டால் தண்ணீர் ஏறுவதில்லை, தினமும் ஒரு குடம் ஊற்றித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. ஏறின பிறகும் புஸ் புஸ்ஸென்று விட்டு விட்டு வருகிறது, தண்ணீர் வெள்ளையாகத் தெரிகிறது. பைப்பின் அடியில் தண்ணீரைத் திரும்பவிடாமல் பிடிக்கிற ஃபுட் வால்வைப் புதுசாகப் போட்டும் அதே கதை. மோட்டாரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா ஐயா?

பதில்: மோட்டாரைத் தொடாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது பாவம், காற்றையும் தண்ணீரையும் சேர்த்துக் குடித்துக்கொண்டு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

முதலில் அந்த வெள்ளைத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள். அடியிலிருந்து மேல் நோக்கித் தெளிந்துகொண்டே வந்து ஓரிரு நிமிடத்தில் பளிச்சென்று ஆகிவிட்டால் அது காற்று, நுண்ணிய குமிழ்கள். மேலே தெளிந்து அடியில் மாவு போலப் படிந்தால் மண். உங்களுக்குக் காற்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் புஸ் புஸ் சத்தமும் சேர்ந்து வருகிறது.

காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. மோட்டார் ஓடும்போது, கிணற்றிலிருந்து பம்புக்கு வரும் சக்‌ஷன் பைப்புக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. அதனால் அந்தப் பக்கம் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஆட்கள் வந்து மோட்டாரை ஓடவிட்டு, பைப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ‘எங்கேயும் லீக் இல்லை சார், மோட்டார்தான் போச்சு’ என்று சொல்லிவிட்டுப் போவது இதனால்தான். ஓடும்போது பார்த்தால் ஈரம் தெரியாது. மோட்டாரை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நின்றதும் பம்பிலிருந்து மேலே போகும் டெலிவரி பைப்பில் நிற்கிற தண்ணீரின் எடை முழுக்கக் கீழே அழுத்தும், அப்போது ஓடும்போது காற்று குடித்த அதே ஓட்டை தண்ணீரைக் கக்கும். பம்புக்குப் பிறகு, தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடுகிற செக் வால்வு இருந்தால் மேல் தண்ணீர் இறங்காது, அப்படியானால் பம்ப் வாய் வரை குடத்தில் ஊற்றி நிரப்பிவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து விரலால் தடவுங்கள். கழற்றி மாட்டுகிற யூனியனின் அடிப்பக்கம், பம்பில் பைப் ஏறுகிற முதல் மரை, வளைவுத் துண்டான எல்போவின் கழுத்து, இந்த மூன்று இடத்தில்தான் பெரும்பாலும் விரல் நனையும்.

அப்படியும் தெரியவில்லை என்றால் சோப்பு நுரை. கெட்டியாக நுரைக்கவைத்து இணைப்புகள் மேல் அப்பிவிட்டு மோட்டாரை ஓடவிடுங்கள். நுரையில் ஒரு சின்னக் குழி விழுந்து உள்ளே இழுபடும் பாருங்கள், அதுதான் திருடன்.

இப்போது ஃபுட் வால்வு சமாச்சாரம். அது கெட்டால் நின்ற பிறகு தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும், காலையில் மறுபடி ஊற்ற வேண்டியிருக்கும். ஆனால் ஊற்றி ஏறிவிட்டால் அப்புறம் நிறைவாகக் கொட்டும், புஸ் புஸ் இருக்காது. உங்களுக்கு இரண்டும் சேர்ந்து இருக்கிறது, அதுவும் புது வால்வு போட்ட பிறகு. அப்படியென்றால் என் சந்தேகம் கிணற்றுக்குள் தொங்குகிற சக்‌ஷன் பைப்பின் மேல்தான். தண்ணீர் மட்டத்துக்கு மேலே எங்கோ ஒரு கீறல். நின்றால் அந்த வழியாகத் தண்ணீர் ஒழுகிவிடும், ஓடினால் அதே வழியாகக் காற்று ஏறும், ஒரே கீறலுக்கு இரண்டு வேலை. மோட்டாரை நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரோரம் நின்று டார்ச் அடித்துப் பாருங்கள், பைப் ஓரமாக ஈரக்கோடு இறங்கும், கொஞ்சம் அமைதியாக இருந்தால் சொட்டும் சத்தம்கூடக் கேட்கும்.

கிணற்றில் தண்ணீர் வற்றி ஃபுட் வால்வு மட்டத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தாலும் காற்று இழுக்கும், வால்வுக்கு மேல் 2 அடியாவது தண்ணீர் நிற்க வேண்டும். இன்னொன்று, மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி அளந்துவிடுங்கள். மேலே உட்கார்ந்திருக்கும் பம்ப் தண்ணீரை ‘இழுப்பது’ என்பது பேச்சுக்குத்தான், உண்மையில் வெளிக்காற்று தள்ளித்தான் தண்ணீர் ஏறுகிறது. கடல் மட்டத்தில் கணக்குப்படி அது தள்ளக்கூடிய உயரம் 10.3 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டினாலே திணறும். தண்ணீர் மட்டத்திலிருந்து பம்ப் வரை உள்ள உயரம்தான் கணக்கு, கிணற்றின் மொத்த ஆழம் இல்லை. அது 7 மீட்டரைத் தாண்டிவிட்டதென்றால் எத்தனை குதிரைத்திறன் வாங்கிப் போட்டாலும் ஒழுங்காக ஏறாது. ஜெட் பம்ப் போட வேண்டும், அல்லது தண்ணீருக்குள்ளேயே மூழ்கி நின்று கீழிருந்து தள்ளுகிற சப்மெர்சிபிளுக்கு மாற வேண்டும்.

கேள்வி: மாடியில் தொட்டி. ராத்திரி நிரப்பிவைத்தால் காலையில் கால்வாசி குறைந்திருக்கிறது. வீட்டில் எந்தக் குழாயும் சொட்டவில்லை. தரைக்கு அடியில் போகிற லைன் உடைந்திருக்கும், முற்றத்தைத் தோண்டிவிடலாம் என்கிறார் என் மைத்துனர். தோண்ட ஆள்கூடச் சொல்லியாகிவிட்டது.

பதில்: ஆளை வர வேண்டாம் என்று சொல்லுங்கள், இன்றைக்கே. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், சொந்த வீட்டிலேயே, முற்றத்துத் தரையை மூன்று இடத்தில் பெயர்த்தேன். கிணறு வெட்ட பூதம் கிளம்பிய கதையாக, நல்லா இருந்த பைப்பைக் கடப்பாரை முனையால் நானே குத்தி உடைத்து, அதைச் சரிசெய்ய இரண்டு நாள். கடைசியில் கோளாறு எங்கே என்று பார்த்தால் கழிவறை ஃப்ளஷ் டேங்க். உள்ளே இருக்கும் ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை, இரவு முழுக்கச் சத்தமே இல்லாமல் பீங்கானின் ஓரமாக நூல் போல வழிந்துகொண்டிருந்தது. பின்சுவரோடு ஒட்டி இறங்கும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. அதிலிருந்து எங்கே போனாலும் முதலில் ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் மை ஊற்றிவிட்டுத்தான் மற்ற பேச்சு. அரை மணி நேரம் யாரும் உபயோகிக்காமல் இருந்து, கீழே பீங்கானில் நிறம் வந்தால் மூடியை மாற்றுங்கள், தோண்ட வேண்டாம்.

அது இல்லையென்றால் பாதி பாதியாகப் பிரியுங்கள். தொட்டியிலிருந்து வீட்டுக்கு இறங்கும் பைப்பில் கேட் வால்வு இருக்கும். ராத்திரி அதை மூடிவிட்டு, தொட்டித் தண்ணீர் மட்டத்தில் ஒரு பென்சில் கோடு போட்டுவிட்டுப் படுங்கள். காலையில் மட்டம் கோட்டிலேயே நின்றால் கோளாறு வால்வுக்குக் கீழே, வீட்டுப் பக்கம். அப்புறம் அந்தப் பக்கத்தைப் பாதியாக்குங்கள்: சமையலறை லைனை மூடி ஒரு ராத்திரி, குளியலறை லைனை மூடி ஒரு ராத்திரி. மூன்று நாலு இரவில் ஆள் மாட்டிக்கொள்வார். அவசரப்பட்டால் இது நடக்காது.

வால்வை மூடியும் மட்டம் இறங்கினால்? ஒன்று தொட்டியிலேயே கீறல், வெளிப்பக்கம் ஈரமாகவோ வெள்ளை உப்புப் பூத்தோ இருக்கும். இல்லையென்றால், இதை நிறைய பேர் யோசிப்பதே இல்லை, தண்ணீர் வந்த வழியே திரும்பிக் கிணற்றுக்குப் போகிறது. மோட்டாரிலிருந்து வரும் பைப் தொட்டியின் மேல் விளிம்பில் விழாமல் அடிப்பக்கமாக உள்ளே நுழைந்திருந்தால், ஃபுட் வால்வோ செக் வால்வோ பிடிக்காதபோது, தொட்டி முழுக்க மெல்ல மெல்லக் கிணற்றில் வடிந்துவிடும். ஊரடங்கிய பிறகு கிணற்றடியில் போய் நின்று காது கொடுங்கள். மோட்டார் ஓடாத நேரத்தில் கிணற்றுக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் விஷயம் முடிந்தது.

எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓட்டையின் அளவும் பிடிபடும். உருளைத் தொட்டியின் உள்விட்டம் 1 மீட்டர் என்றால் 1 செ.மீ. இறக்கம் சுமார் 8 லிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் சொட்டும் குழாயால் ஒரு நாளைக்கே 4 லிட்டர் சொச்சம்தான் போகும். ஆக ராத்திரியில் கால் தொட்டி காலி என்றால் சொட்டும் குழாயைத் தேடிப் பயனில்லை, ஓடுகிற தண்ணீரைத் தேட வேண்டும்.

இவ்வளவும் பார்த்து, தரைக்கு அடியில்தான் என்று முடிவானால் தோண்டுங்கள், ஆனால் இடம் தெரிந்து தோண்டுங்கள். மற்ற இடம் காய்ந்து கிடக்கும்போது ஒரு திட்டு மட்டும் பச்சையாக இருக்கிறதா, காலை வைத்தால் மெத்தென்று அமுங்குகிறதா பாருங்கள். நடுராத்திரியில் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வெளியே தெரியும் பைப்பிலும் வால்வுகளிலும் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். சீறுகிற சத்தம் எந்த இடத்தில் அதிகமாகிறதோ அந்தப் பக்கம். கேலியாகத் தோன்றும், ஆனால் எனக்கு இது நிறைய கடப்பாரை வேலையை மிச்சப்படுத்தியிருக்கிறது.

கேள்வி: குளியலறைக் குழாயை ஈரக்கையால் தொட்டால் ஜிவ்வென்று ஷாக் அடிக்கிறது. மோட்டார் ஓடும்போது மட்டும்தான். லேசாகத்தான் இருக்கிறது, செருப்புப் போட்டுக்கொண்டால் தெரிவதில்லை. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை இல்லை. இதைப் படித்து முடிப்பதற்கு முன் எழுந்துபோய் மோட்டாரின் மெயினை அணைத்துவிடுங்கள், சுவர் ஸ்விட்ச் போதாது, மெயின் போர்டில் அந்த லைனுக்கான எம்சிபி ஸ்விட்சை இறக்குங்கள். எலக்ட்ரீஷியன் வந்து சரி என்று சொல்லும் வரை யாரும் ஏற்றக்கூடாது.

செருப்பு போட்டால் தெரியவில்லை என்பது ஆறுதல் இல்லை, மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது என்பதற்கு அதுவே சாட்சி. மோட்டாரின் சுற்றுக்கம்பி, அல்லது கிணற்றுக்குள் இறங்கும் கேபிளில் போட்ட ஜாயின்ட் தண்ணீர் குடித்திருக்கும், அதோடு எர்த் கம்பியும் அறுந்தோ இல்லாமலோ இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் குழாய்க்கு மின்சாரம் வரும். எர்த்தைச் சரிசெய்வதோடு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே தானாக விழுகிற ஆர்சிசிபி ஒன்றும் அந்த லைனுக்குப் போடச் சொல்லுங்கள். மோட்டார் நின்றிருக்கும்போதும் ஷாக் அடிக்கிறது என்று எழுதியிருந்தால் கீசரைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருப்பேன்.

கேள்வி: நாங்கள் பிரஷர் டேங்க் வைத்த லைன். குழாயைத் திறந்தால் மோட்டார் சில நொடிக்கு ஒருமுறை டக் டக்கென்று போட்டு அணைகிறது. தண்ணீரும் துள்ளித் துள்ளி வருகிறது. நடுராத்திரியில் யாரும் குழாயே திறக்காதபோதும் தானாக ஓடுகிறது. பேய் என்கிறார் என் மாமியார்.

பதில்: மாமியாரிடம் அந்தப் பேய்க்கு ஒன்றல்ல, இரண்டு பெயர் என்று சொல்லுங்கள்.

டக் டக்கென்று அடிப்பது டேங்கில் காற்று போய்விட்டதால். அந்த டேங்குக்குள் ஒரு பக்கம் தண்ணீர், ரப்பருக்கு அந்தப் பக்கம் காற்று. காற்றுதான் ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரிந்து, மோட்டார் ஓடாத நேரத்திலும் தண்ணீரைத் தள்ளித் தரும். காற்று இல்லையென்றால் ஒரு சொம்பு பிடித்ததுமே அழுத்தம் சரிந்து மோட்டார் போட்டுக்கொள்ளும், உடனே ஏறி அணைந்துகொள்ளும். மோட்டாருக்கு ஓடுவதைவிட ஆரம்பிப்பதுதான் கஷ்டம், இப்படியே விட்டால் ஸ்விட்சின் காண்டாக்டும் அப்புறம் மோட்டாரும் கருகும். டேங்கை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், மேலே வெறும் சத்தமும் கீழே தம்மென்றும் இருக்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை தம் தம் என்றால் உள்ளே முழுக்கத் தண்ணீர்.

மெயினை அணைத்து, குழாயைத் திறந்து டேங்கிலிருக்கும் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, டயருக்குக் காற்று அளக்கிற கேஜை மேலே உள்ள வால்வில் வைத்துப் பாருங்கள். மோட்டார் எந்த அழுத்தத்தில் போட்டுக்கொள்கிறதோ அதற்கு 2 பிஎஸ்ஐ குறைவாகக் காற்று இருக்க வேண்டும். 30இல் போட்டு 50இல் அணைகிற ஸ்விட்ச் என்றால் 28. குறைவாக இருந்தால் டயருக்கு அடிக்கிற பம்பாலேயே அடித்துக்கொள்ளலாம். வால்வை அமுக்கும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் தெறித்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது, எவ்வளவு அடித்தாலும் நிற்காது, மாற்றத்தான் வேண்டும்.

நடுராத்திரி ஓட்டம் வேறு கதை, எங்கோ தண்ணீர் போகிறது. முதல் வாசகருக்கும் இரண்டாம் வாசகருக்கும் சொன்ன அதே வேலைதான்: டேங்குக்குப் பிறகு வீட்டுக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, மெயினையும் அணைத்துவிட்டு, கேஜ் முள்ளையே ஒரு மணி நேரம் கவனியுங்கள். முள் இறங்கினால் கிணற்றுப் பக்கம், செக் வால்வோ கீழே இறங்கும் பைப்போ. அசையாமல் நின்றால் வீட்டுப் பக்கம், மறுபடியும் அந்த ஃப்ளஷ் டேங்க் மை சோதனை.

கேள்வி: இரண்டு அடுக்கு வீடு. மேல் மாடியில் ஷவர் சிணுங்குகிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துவிட்டு இரண்டு போட்டால் சரியாகுமா?

பதில்: ஷவருக்குத் தண்ணீர் தருவது மோட்டாரா, தொட்டியா? தொட்டி என்றால் மோட்டாரை எத்தனை மாற்றினாலும் ஷவருக்கு அது தெரியவே போவதில்லை. 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம், அவ்வளவுதான் இயற்கை தருவது. உங்கள் தொட்டி மேல் மாடி ஷவருக்கு 2 மீட்டர் மேலே இருந்தால் 0.2 பார். ஷவரும் அதற்குத் தகுந்த மாதிரிதான் சிணுங்கும்.

ஷவர் தலையைக் கழற்றி ஓட்டைகளில் உப்பு அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் பைப்பின் அளவு. ஒரே அளவு தண்ணீரைப் பாதி விட்டமுள்ள பைப்பில் தள்ளினால் உராய்வில் போகிற அழுத்தம் சுமார் 30 மடங்காகிவிடும், எழுத்துப்பிழை இல்லை, முப்பதுதான். பழைய இரும்பு பைப் உள்ளே துருவும் உப்பும் படிந்து சுருங்கிப்போயிருந்தால் இதேதான் நடக்கும். அறுத்தெடுத்த ஒரு துண்டை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், விரல் நுழைய வேண்டிய இடத்தில் பென்சில் நுழையாது. வெளியே பார்த்தால் பைப் கம்பீரமாக இருக்கும்.

மோட்டாரைப் பெரிசாக்குவதில் இன்னொரு வம்பு உண்டு. கிணற்றில் ஊறுவதைவிட வேகமாக இறைத்தால் தண்ணீர் தீர்ந்து மோட்டார் வெறுமையாக ஓடும், சீல் போகும்.

கேள்வி: போர் தண்ணீர் பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது, வாளியில் ஒரு மணி நேரம் வைத்தால் சிவக்கிறது. ஃப்ளஷ் டேங்க் உள்ளே செங்கல் நிறத்தில் கொழகொழவென்று படிந்திருக்கிறது. மழை பெய்தால் கலங்கலும் வருகிறது. ஒரே நோயா, வேறு வேறா?

பதில்: மூன்று விஷயம். நிலத்தடியில் காற்று படாத இடத்தில் இரும்பு கரைந்தே கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெளியே வந்து காற்றுப் பட்டதும் துருவாகி நிறம் காட்டும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினாலே துணியில் கறை பிடிக்க ஆரம்பித்துவிடும். பிடிக்கும்போதே சிவப்பாக வந்து, கொஞ்சம் ஓடவிட்டால் தெளிந்துவிட்டால் கோளாறு நிலத்தில் இல்லை, உங்கள் பைப்பில். அந்தக் கொழகொழப்பு இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியா. நோய் தராது, ஆனால் வடிகட்டியையும் பம்பையும் அடைத்து உயிரை வாங்கும்.

நான் கவலைப்படுவது மூன்றாவதற்குத்தான். மழை பெய்த கையோடு கலங்குகிறது என்றால் மேல்மட்டத் தண்ணீர் வடிகட்டப்படாமல் நேராக உள்ளே இறங்குகிறது. மண் வருகிற வழியில் சாக்கடையும் வரும். போருக்குள் இறக்கிய கேசிங் பைப் தரைக்கு மேல் ஒரு அடியாவது நிற்கிறதா, மூடி இறுக்கமா, சுற்றிப் போட்ட சிமென்ட் தளம் வெடித்திருக்கிறதா, அதைச் சுற்றிக் குட்டை கட்டுகிறதா என்று பாருங்கள். செப்டிக் டேங்க் எவ்வளவு தூரம்? 15 மீட்டருக்குள் என்றால் எனக்குப் பிடிக்கவில்லை. சாக்கடைக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் கோலிஃபார்ம், ஈ கோலை பாக்டீரியா இரண்டுக்கும் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும் வரை குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது விட்டு இறக்குங்கள். நைட்ரேட்டையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள், அதற்குக் கொதிக்கவைப்பது உதவாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் உள்ள தண்ணீரில் பால் கரைக்கக்கூடாது.

ஓட்டையை அடைத்த பிறகுதான் குளோரின். முன்னாலேயே போட்டால் அடுத்த மழைக்கு மறுபடி முதலிலிருந்து. போர் பைப்பில் நிற்கும் தண்ணீரை ஆயிரம் லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 25 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 200 கிராமை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றினால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஆகும். எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும் வரை திறந்துவிட்டு மூடி, ஒரு ராத்திரி அப்படியே விட்டு, மறுநாள் வாடை போகும் வரை வெளியே இறைத்துக் கொட்டுங்கள். அதுவரை அந்தத் தண்ணீர் குடிக்கவும் கூடாது, குளிக்கவும் கூடாது. பிளீச்சிங்கோடு ஆசிட் எதையும் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

கேள்வி: ஃபுட் வால்வை மாற்ற நானே கிணற்றில் இறங்கலாம் என்றிருக்கிறேன். எனக்கு நீச்சல் நன்றாகத் தெரியும், கயிறும் இருக்கிறது. உள்ளே மிச்சத் தண்ணீரை இறைக்கப் பெட்ரோல் பம்பையும் இறக்கப் போகிறேன்.

பதில்: தம்பி, வேண்டாம். நீச்சல் தெரிந்தவர்தான் கிணற்றில் சாகிறார், ஏனென்றால் அவர்தான் இறங்குகிறார். நெடுநாள் இறங்காத கிணற்றின் அடியில் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு தேங்கியிருக்கலாம், அதற்கு நிறமோ வாடையோ கிடையாது. கால் தளர்ந்து விழுவது வரை தெரியாது. அவரைத் தூக்கப் பின்னாலேயே இறங்குகிறவரும் விழுவார், ஒரே கிணற்றில் ஒரே வீட்டார் இரண்டு மூன்று பேர் போவது இப்படித்தான். விளக்கை இறக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள், விஷவாயு இருந்தாலும் அது எரிந்துகொண்டிருக்கலாம். பெட்ரோல் பம்ப் அதைவிட மோசம், அந்தக் குறுகிய இடத்தில் அது கக்கும் கார்பன் மோனாக்சைடு சில நிமிடங்களிலேயே ஆளை முடித்துவிடும்.

சக்‌ஷன் பைப்பை யூனியனில் கழற்றி, கயிறு கட்டி, இரண்டு மூன்று பேராக மேலே தூக்குங்கள். வால்வை வெளிச்சத்தில், தரையில் உட்கார்ந்து மாற்றுங்கள். தூக்க முடியாத நீளம் என்றால் வாயு அளக்கும் கருவியும் இடுப்புக் கச்சையும் வைத்திருக்கிற தொழில்முறை ஆட்களைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பிவிசி பைப்பில் ஒரு எல்போ. மூன்று தடவை பேஸ்ட் போட்டு ஒட்டியாயிற்று, மூன்று தடவையும் ஒழுகுகிறது. நாளைக்கு வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். என்ன தப்பு செய்கிறேன்?

பதில்: ஒழுகிற இணைப்பின் மேல் பூசினீர்களா, கழற்றி ஒட்டினீர்களா? மேலே பூசினால் எத்தனை டப்பா தீர்த்தாலும் நிற்காது. பிவிசி பேஸ்ட் என்பது ஒட்டுகிற பசை இல்லை, இரண்டு பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒன்றாக்குகிற கரைப்பான், உள்ளே போனால்தான் வேலை செய்யும். ஒருமுறை ஒட்டிய எல்போவை மறுபடி உபயோகிக்கவும் முடியாது. அதை அறுத்துத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது எல்போ, கூடவே ஒரு சின்னத் துண்டு பைப், ஒரு கப்ளிங் வாங்கிக்கொள்ளுங்கள்.

பைப்பை நேராக அறுங்கள், கோணலாக அறுத்தால் ஒரு பக்கம் கப்ளிங்கின் அடியைத் தொடாது. ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவுங்கள். இதை யாரும் செய்வதில்லை, அந்தப் பிசிறுதான் உள்ளே நுழையும்போது பேஸ்டை வழித்துத் தள்ளிவிடும். லைனில் மிச்சம் நிற்கும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் ஒட்டவே ஒட்டாது, கீழே ஒரு குழாயைத் திறந்து வடியவிட்டு, துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்ததும் இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, கால் சுற்று திருப்பிக்கொண்டே அடி வரை தள்ளி, அரை நிமிடம் கையை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். விட்டால் தானாகக் கொஞ்சம் வெளியே வரும், அதுதான் உங்கள் மூன்று தடவையின் ரகசியமாக இருக்கலாம்.

மரை உள்ள இடம் என்றால் டெஃப்லான் டேப்பை மரை இறுகுகிற திசையிலேயே சுற்றுங்கள், எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போதே உருண்டு வந்துவிடும். பிளாஸ்டிக் மரையை ரெஞ்ச் வைத்து முறுக்கித் தள்ளாதீர்கள். இன்றைக்கு ஒழுகாது, ஒரு மாதத்தில் பக்கவாட்டில் வெடிக்கும்.

நாளைக்கு ஆட்கள் வருவதால் இன்றைக்கு ராத்திரியே திறந்துவிடலாம் என்று தோன்றும். முழு அழுத்தத்துக்கு 24 மணி நேரம் விடுங்கள். அறுப்பதற்கு முன்னாலேயே அண்டாவிலும் வாளியிலும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், வருகிறவர்கள் ஒரு நாள் சொம்பால் மொண்டு குளிக்கட்டும்.